புல் வெட்டும் மெஷின் வாங்கப் போகிறீர்களா?



"டீச்சரம்மா, 198 வோல்ட்டுன்னா பெருசா, 18 வோல்ட்டுன்னா பெருசா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட்டுக் கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இப்படிக் கேட்டார் ஒரு பெரியவர். என் அப்பாவின் சிநேகிதர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். தோட்டத்தில் ஒரு டிவிஷனை வீடு கட்ட விற்றுவிட்ட பிறகு, பக்கத்துத் தாமானில் சின்ன வீடு ஒன்றில் குடியிருக்கிறார். உழைத்த உடம்பு சும்மா இருக்குமா? முதுகில் மாட்டும் பெட்ரோல் மெஷினோடு நாலைந்து வீடுகளுக்குப் புல் வெட்டிக் கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதித்துக் கொள்கிறார்.

"198 தானே மாமா பெரிசு? இதிலென்ன சந்தேகம்?" என்றேன்.

"அப்படித்தான் எம் பேரனும் நெனச்சான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து கொண்டார்.

கூப்பிட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்துக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. பேரன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியிருக்கிறான். தாத்தா பெட்ரோல் மெஷினைச் சுமக்கிறாரே, இரவில் கை நடுங்கிக் கோப்பையைப் பிடிக்கத் தடுமாறுகிறாரே என்ற கவலையில், கைப்பேசியில் பார்த்து ஒரு பேட்டரி மெஷின் வாங்கித் தீபாவளிக்குக் கொடுத்திருக்கிறான். பெட்டியில் கொட்டை எழுத்தில் 198 வோல்ட் என்று போட்டிருக்கிறது. விலை 160 வெள்ளி. பத்து நிமிஷம் ஓடும், நின்றுவிடும். பிள்ளை மனம் நோகுமே என்று மாமா அவனிடம் "அருமையான மெஷின்" என்று சொல்லிவிட்டு, அவன் வேலைக்குப் போனபின் பழைய பெட்ரோல் மெஷினையே தூக்கிக்கொண்டு போகிறார்.

"நீங்க படிச்சவங்க. எந்த மெஷின் நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க. ஆனா பையனைக் கொறை சொல்லிடாதீங்க" என்றார்.

இந்த மாதம் இந்தப் பகுதியில் நாம் பேசப் போவது அந்தச் சங்கதிதான்.

மெஷின் எத்தனை வகை?

என் அப்பா துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். பங்களா முன்னால் இருந்த பச்சைப் புல்லுக்கு ஓர் உருளை மெஷின் இருந்தது. எண்ணெயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தள்ளினால் சக்கரத்தோடு கத்திகளும் சுழலும். அந்த மாதிரி மெஷினை 1830-இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊர்ப் பக்கம் எட்வின் படிங் என்பவர் செய்தார். துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறை மழிக்கும் உருளைக் கத்தியைப் பார்த்து, துணியை மழிப்பது புல்லையும் மழிக்காதா என்று அவருக்குத் தோன்றியதாம். இன்றைக்கும் சின்னதாய், சமதரையாய் இருக்கும் புல்லுக்கு அதைவிடச் சிக்கனமான மெஷின் கிடையாது. வாரா வாரம் தள்ள வேண்டும், அவ்வளவுதான். புல் நீண்டுவிட்டால் அது வெட்டாது, மடக்கிவிட்டுப் போய்விடும்.

இரண்டாவது, நைலான் கயிறு சுற்றும் மெஷின். இதன் பிறப்பு 1971-இல், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில். ஜார்ஜ் பாலஸ் என்பவர் கார் கழுவும் இடத்தில் சுழன்று கழுவும் தூரிகைகளைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒரு தகர டின்னில் ஓட்டை போட்டு, தூண்டில் நைலான் கயிற்றைக் கோத்து, சுழற்றிப் பார்த்தார். மரத்தைச் சுற்றியும் கல்லை ஒட்டியும் இருந்த புல்லை அது சீவித் தள்ளியது. நம் ஆட்கள் நீளக் கழியில் வைத்து வீசி வெட்டும் மெஷின் இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். லாலாங் மாதிரி தடித்த புல்லுக்குக் கயிற்றை எடுத்துவிட்டு இரும்புக் கத்தி போடுவார்கள்.

மூன்றாவது, நாலு சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போகும் மெஷின். வயிற்றுக்கு அடியில் ஒரே கத்தி படுத்தவாக்கில் சுற்றும். வெட்டிய புல் பின்னால் உள்ள பையில் விழும்.

பின்னால் சொன்ன இரண்டும் பெட்ரோலிலும் வரும், பேட்டரியிலும் வரும். இப்போது கடைகளில் அதிகம் தொங்குவது பேட்டரி மெஷின்தான்.

கணக்குப் பாடம்

மெஷினைப் பார்க்கும் முன் பேட்டரியைப் பார்ப்போம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான், பயப்படாதீர்கள்.

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாய்க் குழாயில் தண்ணீர் பாயும். அந்த உயரம்தான் வோல்ட். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஆம்பியர் மணி; பேட்டரியில் ஏ.எச். என்று போட்டிருப்பார்கள். தொட்டி உயரமாய் இருந்து தண்ணீர் ஒரு வாளிதான் என்றால் என்ன பயன்? ஆகவே இரண்டையும் பெருக்க வேண்டும். பெருக்கி வருவது வாட் மணி. பேட்டரி எவ்வளவு வேலை செய்யும் என்பதை அந்த ஒரே எண் சொல்லிவிடும்.

18 வோல்ட், 5 ஆம்பியர் மணி என்றால் 18 x 5 = 90 வாட் மணி. 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36 வாட் மணி. இரண்டும் 18 வோல்ட்தான். ஆனால் முதலாவது இரண்டரை மடங்கு வேலை செய்யும்.

இந்தப் பேட்டரிக்குள் இருப்பது லித்தியம் செல்கள். 1991-இல் இவை கடைக்கு வந்தன. இவற்றை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு செல் சாதாரணமாக 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18. முழுதாக சார்ஜ் ஏறிய நேரத்தில் ஒரு செல் 4.2 வோல்ட் காட்டும், ஐந்துக்கு 21. ஆகவே பெட்டியில் 18 என்று போட்டாலும், 20 என்று போட்டாலும், 21 என்று போட்டாலும் சரக்கு ஒன்றுதான். அதுபோலவே 36-உம் 40-உம் ஒன்றுதான். பத்து செல் வரிசை.

இப்போது பேரன் வாங்கிய 198-க்கு வருவோம். 198-ஐ 3.6-ஆல் வகுத்தால் 55. அதாவது அந்தப் பேட்டரிக்குள் 55 செல்கள் இருக்க வேண்டும். ஒரு செல் சுமார் 45 கிராம். செல் மட்டுமே இரண்டரைக் கிலோ வரும்! மாமா கொண்டுவந்த பேட்டரியை என் சமையலறைத் தராசில் வைத்தேன். கூட்டோடு சேர்த்து 350 கிராம். பிளாஸ்டிக் கூட்டைக் கழித்தால் ஐந்து செல்லுக்குத்தான் கணக்கு வருகிறது. சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், வெளியேறும் மின்சாரம் 21 வோல்ட் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கொட்டை எழுத்து ஒன்று சொல்ல, பொடி எழுத்து இன்னொன்று சொல்கிறது.

"அப்ப 198-ங்கறது?" என்றார் மாமா.

"அது பெட்டியின் எண் மாமா, பேட்டரியின் எண் இல்லை" என்றேன்.

இது அந்த ஒரு பெட்டியின் கதை மட்டும் அல்ல. 48, 88, 188 என்றும் அதற்கு மேலும் எண் போட்டு, உள்ளே ஐந்தே செல் வைத்த மெஷின்கள் நம்மிடையே ஏராளமாக விற்கின்றன. எண்ணுக்குப் பின்னால் வேறு ஏதாவது எழுத்தைச் சேர்த்து, கேட்டால் அது வோல்ட் இல்லை, மாடல் எண் என்று தப்பித்துக் கொள்வார்கள்.

வெட்டிப் பார்த்தோம்

கணக்கு சொல்வதைக் கத்தியும் சொல்ல வேண்டும் அல்லவா? அடுத்த ஞாயிறு, பனி காய்ந்த பிறகு பத்து மணிக்கு, மாமா வீட்டுப் பக்கத்துக் காலி நிலத்தில் கூடினோம். அவரும் பேரனும், நானும் என் மகனும். பட்டணத்தில் குடியிருக்கும் சக ஆசிரியை ஒருவர் தம் சக்கர மெஷினைக் காரில் கொண்டு வந்தார். பள்ளியில் கோத்தோங் ரோயோங்குக்கு வரும் ஒரு தகப்பனார் தம் 18 வோல்ட் கயிற்று மெஷினைக் கொடுத்தார். கயிறு பிடித்து இருபது அடிக்கு இருபது அடியாக நாலு பாத்தி அளந்தோம். மூன்று வாரப் புல், அரை அடி உயரம். எல்லா மெஷினையும் மாமாவே ஓட்டினார். ஆள் மாறினால் கணக்கு மாறிவிடும் என்பதற்காக. என் மகன் கைப்பேசியில் நேரம் பார்த்தான்.

முதலில் பெட்ரோல் மெஷின். ஒன்பது நிமிஷத்தில் பாத்தி முடிந்தது. வெட்டு ஒழுங்காக இருந்தது. ஆனால் இறக்கி வைத்தபின் மாமா விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தார். ஆண்டுக்கணக்கில் அதிர்கிற பிடியைப் பிடிப்பவர்களுக்கு விரல் மரத்து, வெளுத்துப் போகும் நோய் உண்டு. பேட்டரி மெஷினிலும் அதிர்வு உண்டு; ஆனால் குறைவு.

இரண்டாவது பேரனின் மெஷின். பிளாஸ்டிக் கத்தி. முதல் பேட்டரி ஒன்பது நிமிஷத்தில் நின்றது. இரண்டாவது எட்டு நிமிஷம். நாலு கத்தி ஒடிந்து, பாத்தியில் முக்கால்வாசிதான் முடிந்தது.

மூன்றாவது 18 வோல்ட், 5 ஆம்பியர் மணிக் கயிற்று மெஷின். பதினான்கு நிமிஷத்தில் பாத்தி முடிந்தது. மீதி மின்சாரத்தில் வாய்க்கால் ஓரத்தையும் வாழைமரத்தைச் சுற்றியும் சீவினார். மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம் ஓடியது. பேட்டரி, சார்ஜரோடு இதன் விலை எண்ணூறு வெள்ளிக்குப் பக்கம் என்றார் சொந்தக்காரர்.

நாலாவது சக்கர மெஷின். 36 வோல்ட், 4 ஆம்பியர் மணி. பெருக்கினால் 144 வாட் மணி. ஏழே நிமிஷம். பை நிறைந்து இரண்டு முறை கொட்டியதும் அதில் அடக்கம். பாய் விரித்தது போல் இருந்தது பாத்தி. பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். ஆனால் வேலி ஓரமும் வாய்க்கால் சரிவும் அப்படியே நின்றன. பக்கத்தில் இருந்த லாலாங்கில் விட்டுப் பார்த்தபோது மூன்று முறை திணறி நின்றது. உயரத்தைக் கூட்டி, பாதிப் பாதி அகலமாய்த் தள்ளினால் போகிறது. ஆனால் அது அதற்கான வேலை இல்லை. இதன் விலை 1,900 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. அந்த ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தாலும் போதாது என்பதை மறக்க வேண்டாம்.

இடையில் ஒரு சங்கதி. மூன்றாவது மெஷின் ஓடும்போது மீட்டர் பார்ப்பவள் போல நான் பக்கத்தில் போய் நின்றேன். சுண்டைக்காய் அளவு கல் ஒன்று பறந்து வந்து கெண்டைக்காலில் அடித்தது. நாலு நாள் நீலம் பாரித்திருந்தது. காலில் பட்டது கண்ணில் பட்டிருந்தால்? பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவளே பாடத்தை மறந்தேன். மெஷின் வீசும் இடத்திலிருந்து ஐம்பது அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. வெட்டுகிறவர் கண்ணாடியும் மூடிய காலணியும் இல்லாமல் தொடக் கூடாது. பேட்டரி மெஷின் சத்தம் குறைவு என்பதால் பிள்ளைகள் பயப்படாமல் கிட்டே வருவார்கள். ஆகவே இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

செலவு எங்கே இருக்கிறது?

"கரண்டு பில் ஏறுமே?" என்று மாமி கேட்டார். ஏறாது. 90 வாட் மணிப் பேட்டரியை நிரப்ப, வீணாவதையும் சேர்த்து 110 வாட் மணி என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் மின்சாரத்தில் ஒன்பது தடவை நிரப்பலாம். யூனிட்டுக்கு 50 காசு என்றே போட்டாலும் ஒரு தடவைக்கு ஆறு காசுதான்.

செலவு மின்சாரத்தில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது. லித்தியம் பேட்டரி சாகாவரம் பெற்றதல்ல. நல்லது சில நூறு தடவை சார்ஜ் தாங்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்ச் சக்தி குறையும். புதுப் பேட்டரி 300 வெள்ளி, ஐந்நூறு தடவை தாங்கும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் 60 காசு பேட்டரி தேய்கிறது. இருநூறு தடவையில் பாழாக்கினால் அதுவே ஒன்றரை வெள்ளி. ஆக, மிச்சம் பிடிக்கும் வழி பேட்டரியைப் பேணுவதில்தான் இருக்கிறது. அதற்குச் சில வழிகள்:

வெட்டி முடித்தவுடன் பேட்டரி சுடும். சுடச்சுட சார்ஜில் போடாதீர்கள்; அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

தகரக் கூரை ஸ்டோரில், வெயிலில் நிற்கும் காரில் பேட்டரியை வைக்காதீர்கள். வெப்பம்தான் அதற்கு முதல் எதிரி. வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள்.

ஒன்றிரண்டு மாதம் வெட்டப் போவதில்லை என்றால் முழுதாய் நிரப்பியும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். பாதி இருக்கட்டும்.

இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். மெத்தை, துணி மேல் வைத்து சார்ஜ் போடாதீர்கள். கீழே விழுந்து உடைந்த, வீங்கிய பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். லித்தியம் தீப்பிடித்தால் சாமானியமாய் அணையாது.

உயிர் போன பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, மின்சாதனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கத்தியைத் தொடுவதற்கு முன்னால், புல் சிக்கியதை எடுப்பதற்கு முன்னால், பேட்டரியைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

யாருக்கு எது?

லயத்து வீடு, வாய்க்கால், மேடு பள்ளம், நாலு வாழை, இரண்டு முருங்கை என்று இருப்பவர்களுக்குச் சக்கர மெஷின் வேண்டாம். 18 வோல்ட் கயிற்று மெஷின் போதும். பேட்டரியில் 4 அல்லது 5 ஆம்பியர் மணிக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

தாமானில் மூலை வீடு, சமதரை, ஆயிரம் சதுர அடிக்கு மேல் புல் என்றால் சக்கர மெஷினைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஓரம் சீவ வேறொன்று வேண்டியிருக்கும். இருநூறு, முந்நூறு சதுர அடிதான் என்றால் என் அப்பா தள்ளிய கை உருளை மெஷினே போதும்.

லாலாங் காடு, பல மாதம் கவனிக்காத நிலம் என்றால் பெட்ரோல் மெஷினும் இரும்புக் கத்தியும்தான். இதில் பேட்டரி இன்னும் அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

கூலிக்கு வெட்டுகிறவர்கள் ஒரு பேட்டரியை நம்பி இறங்காதீர்கள். ஒரு நாளைக்கு நாலு வீடு என்றால் மூன்று, நாலு பேட்டரி வேண்டும். அந்த விலையையும் சேர்த்துப் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள்.

எந்த மெஷின் வைத்திருந்தாலும் ஒன்று செய்யுங்கள்: புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். மொட்டை அடித்தால் வெயிலில் வேர் காய்ந்து, புல் போய்க் களை வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்டினால் பேட்டரிக்கும் பாரம் இல்லை. புல்லுக்குள் மறைந்து கிடக்கும் டின், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பூத்தொட்டி எல்லாம் கண்ணில் படும். டிங்கிக் கொசு முட்டையிடுவது புல்லில் அல்ல, அதற்குள் ஒளிந்திருக்கும் அந்தத் தண்ணீரில்தான்.

வாங்கும்போது

பெட்டியின் முகப்பைப் பார்க்காமல் பேட்டரியின் அடியைப் பாருங்கள். வோல்ட், ஆம்பியர் மணி இரண்டும் இருக்க வேண்டும். பெருக்குங்கள். 18, 20, 21, 36, 40 அல்லாமல் நூற்றுக்கணக்கில் எண் இருந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சார்ஜரில் சிரிம் முத்திரை இருக்கிறதா, நம் சுவர்ப் பிளக்கில் பொருந்துமா என்று பாருங்கள். தனிப் பேட்டரி, கயிறு, கத்தி பக்கத்துப் பட்டணத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். பேட்டரி கிடைக்காவிட்டால் மெஷின் வெறும் கழி. ஏற்கெனவே வீட்டில் துளை போடும் மெஷின் இருந்தால் அதே பேட்டரி பொருந்தும் புல் மெஷினை வாங்கினால் பெரிய மிச்சம்.

கைப்பேசியில் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்துங்கள். திருப்பி அனுப்பும் நாள் தாண்டுவதற்குள் வெட்டிப் பாருங்கள். அலமாரியில் அழகு பார்க்க வேண்டாம். விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. புகார்க் கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்குள் புகார் செய்யலாம். 160 வெள்ளிதானே என்று விட்டுவிடுவதால்தான் பொய் எண் போடுகிறவர்கள் பிழைக்கிறார்கள். நமக்கு அது இரண்டு, மூன்று நாள் உழைப்பு அல்லவா?

பேரன் என்ன ஆனான்?

மாமா சொன்னது என் மனத்தில் இருந்தது: பையனைக் குறை சொல்லிவிடாதீர்கள். ஆனால் வெட்டிப் பார்க்கும்போது அவனும் பக்கத்தில் இருந்தானே! தன் மெஷின் நின்றபோது அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவனைத் தனியே கூப்பிட்டு, ஒரு காகிதத்தில் 198-ஐயும் 3.6-ஐயும் எழுதிக் கொடுத்தேன். அவனே வகுத்தான். 55 வந்தது. பேட்டரியைக் கையில் தூக்கிப் பார்த்தான். சார்ஜரின் பொடி எழுத்தைப் படித்தான்.

"இது அஞ்சாம் ஆண்டுலயே படிச்ச கணக்கு டீச்சர்" என்றான்.

"படித்த கணக்கைக் கடையில் போட யாரும் சொல்லித் தரவில்லை. தப்பு உன் மேல் இல்லை; பெட்டியில் பொய் எழுதியவன் மேல்" என்றேன்.

அப்புறம் தாத்தாவிடம் போய், "ஏன் தாத்தா எங்கிட்ட சொல்லல? பழைய மெஷினையே இன்னமும் தூக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டான். மாமா பதில் சொல்லவில்லை. அவன் தோளில் கையை வைத்தார். அந்தக் கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது அந்தத் தெருவில் மூன்று வீட்டார் சேர்ந்து 18 வோல்ட் கயிற்று மெஷின் ஒன்றும் இரண்டு பேட்டரியும் வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு முந்நூற்றுச் சொச்சம் வெள்ளி; மாமா பங்கைப் பேரன் மாதா மாதம் கட்டுகிறான். மூன்று வீட்டுக்கும் வெட்டுபவர் மாமாதான். ஒரு பேட்டரி ஓடும்போது மற்றது சார்ஜில் இருக்கும். பெட்ரோல் மெஷின் லாலாங்குக்கு மட்டும், மாதம் ஒரு தடவை.

அப்படியானால் அந்த 198?

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். தாமான் ஓரத்து முனியாண்டி கோயிலைச் சுற்றி, பூத்தொட்டிகளுக்கு இடையில், மாமா அதை வைத்துச் சீவிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷ வேலை, பத்து நிமிஷப் பேட்டரி. பெட்டியிலிருந்த எண்ணை அட்டையோடு கிழித்துப் போட்டிருந்தார்.

"இதுக்கு இது போதும் டீச்சரம்மா. எம் பேரன் மொதச் சம்பளத்துல வாங்கிக் கொடுத்தது" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். இன்றைக்கே அதன் அடியைத் திருப்பிப் பார்த்துப் பெருக்கிப் பாருங்கள். கணக்கு வராவிட்டால் எழுதுங்கள். சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.